லோகோ ஏன் மங்குகிறது, அண்ணா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாடுதான்: கையில் காசு குறைவு, கஷ்டப்பட்டுச் செய்த படம் இணையத்தளத்தில் ஏறியதும் மங்கிவிடுகிறது. காசுக்கும் மங்கலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதுதான் என் கட்சி. விலை கூடிய மென்பொருளில் செய்த மங்கல் படங்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு படத்தைப் பல கை மாற்றி, சுருக்கி, பிறகு இழுத்துப் பெருப்பித்து, திரும்பவும் சேமிப்பதில்தான் தெளிவு போகிறது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். அச்சகத்தில் ஒரு தம்பி லோகோ செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதையே எடுத்து இணையத்தளத்தில் போட்டேன். போனில் பார்த்தால் எழுத்து மங்கலாகவும், விளிம்பெல்லாம் அழுக்காகவும் தெரிகிறது. புதிதாகச் செய்து தர 15,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா, அண்ணா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், தங்கச்சி. உங்கள் லோகோவுக்கு இரண்டு வருத்தங்கள். அழுக்கு வேறு, மங்கல் வேறு. மருந்தும் வேறு வேறு.

முதலில் அழுக்கு. வட்ஸ்அப்பில் ஒன்றைப் படமாக அனுப்பினால் அது ஜேபெக் வடிவத்தில் நன்றாகச் சுருங்கித்தான் வந்து சேரும். ஜேபெக் என்பது புகைப்படத்துக்கென்று செய்யப்பட்ட முறை. படத்தை எட்டுக்கு எட்டு பிக்ஸல் (பிக்ஸல் என்பது படத்தின் மிகச் சிறிய புள்ளி) கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிடும். உங்கள் கேக்கின் ஐசிங்கில் அந்த இழப்புத் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கூரான எழுத்து என்றால் உடனே பிடிபடும். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகள் நுளம்பு மொய்த்த மாதிரி நிற்கும். சிவப்பு எழுத்தென்றால் இன்னும் மோசம். ஜேபெக் வெளிச்சத்தைக் காப்பாற்றுகிற அளவுக்கு நிறத்தைக் காப்பாற்றாது. நிறத் தகவலைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்தே வைக்கும். அதனால்தான் சிவப்பு விளிம்பு கசிந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் அதைத் திறந்து, வெட்டி, திரும்ப ஜேபெக்காகச் சேமித்தால் இன்னொரு தடவை இதே வெட்டுக்குத்து.

அடுத்தது மங்கல். இணையப் பக்கத்தில் 200 பிக்ஸல் அகலம் என்று நீங்கள் சொல்கிற இடத்தில், இன்றைய போன் திரை உண்மையில் 400 அல்லது 600 புள்ளிகளை வைத்திருக்கிறது. உங்களிடம் இருப்பது 200 என்றால், மீதியைப் போன் இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த நிரப்பல்தான் மங்கல். ஆகவே 200 அகலத்தில் தெரிய வேண்டிய படத்தை 600 அகலத்தில் ஏற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கையில் இருக்கிற 200ஐ இழுத்து 600 ஆக்கக் கூடாது. பழைய மங்கலைப் பெரிதாகப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

லோகோவுக்கு உண்மையான மருந்து எஸ்விஜி. அதில் புள்ளிகளே கிடையாது. இந்த வளைவு இங்கே தொடங்கி இப்படிப் போய் அங்கே முடிகிறது என்ற கணக்குத்தான் இருக்கும். எந்தத் திரையானாலும், அந்தத் திரை தன் அளவுக்குப் புதிதாக வரைந்துகொள்ளும். உங்கள் லோகோ அநேகமாக அந்தத் தம்பியின் கணினியில் இப்படித்தான் கிடக்கிறது. இப்படிக் கோடுகளாக வரைகிற கோரல் டிரோ மென்பொருள் இல்லாத அச்சகம் நம்மிடம் குறைவு. அவரிடம் சண்டைக்குப் போகாமல் ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கள்: “எழுத்துகளைக் கேர்வ் ஆக்கிவிட்டு, எஸ்விஜி ஆகவோ பிடிஎப் ஆகவோ, டொக்யுமெண்டாக அனுப்புங்கள்.” கேர்வ் என்றால் எழுத்தை வெறும் வளைகோடாக மாற்றுவது. டொக்யுமெண்டாக என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் பைலைத் தொடாது.

வந்த பைலைத் திறந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கத்தி மாதிரி நின்றால் நல்ல சாமான். சதுரம் சதுரமாக உடைந்தால், பழைய ஜேபெக்கை பிடிஎப் உறைக்குள் போட்டுத் தந்திருக்கிறார். இது அடிக்கடி நடக்கிறது.

ஒரிஜினலே தொலைந்துவிட்டது என்றால் நீங்களே வரையலாம். இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள் 2003 இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மங்கல் லோகோவை உள்ளே கொண்டுவந்து, வெளிறலாக்கி, அதற்கு மேல் பேனாக் கருவியால் புதிதாக வரையுங்கள். தானாகவே கோடாக மாற்றித் தரும் வசதியும் அதில் உண்டு. அழுக்கான ஜேபெக்கை அதில் போட்டால் அந்த அழுக்கையும் பக்தியோடு வரைந்து தரும், எனவே கையாலேயே செய்யுங்கள். ஒரு வட்டத்துக்கு, வளைவைப் பிடித்து வைக்கிற முனைப் புள்ளி நான்கு போதும். புதியவர்கள் நாற்பது வைப்பார்கள், வளைவு நெளிந்துபோகும்.

இன்னுமொரு சின்ன விஷயம், ஆனால் தொழிலே இதில்தான் இருக்கிறது. லோகோவுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு போடுகிறீர்கள் என்று வையுங்கள், 1 பிக்ஸல் தடிப்பு. இன்க்ஸ்கேப் அந்தத் தடிப்பைக் கோட்டின் இரண்டு பக்கமும் அரை அரையாகப் பிரித்துக் கொடுக்கும். கோடு 20 என்ற இடத்தில் இருந்தால், 19க்கும் 20க்கும் இடையிலுள்ள பிக்ஸலில் பாதி, 20க்கும் 21க்கும் இடையிலுள்ளதில் பாதி. அரைப் பிக்ஸலை எந்தத் திரையாலும் காட்ட முடியாது. எனவே இரண்டையும் சாம்பலாக்கிவிடும். நீங்கள் கேட்டது ஒரு கறுப்புக் கோடு, கிடைத்தது இரண்டு மடங்கு தடிப்பில் ஒரு சாம்பல் பட்டை. சுலபமான வழி: கோட்டைக் கோடாகப் போடாமல் ஒரு ஒல்லியான செவ்வகமாகப் போடுங்கள், அதன் கிடை இடம், நிலை இடம், அகலம், உயரம் நான்கையும் தசமம் இல்லாத முழு எண்ணாக வையுங்கள். அலகு மில்லிமீட்டரில் இருந்தால் முதலில் பிக்ஸலுக்கு மாற்றிவிடுங்கள். பட்டன், பெட்டி, ஐகன் எல்லாவற்றுக்கும் இதே சங்கதிதான். ‘என்னுடையது ஏதோ கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை’ என்பவர்களின் பைலைத் திறந்தால் அநேகமாக இந்தத் தசமங்கள்தான் நிற்கும்.

முடிந்ததும் பிளேன் எஸ்விஜி என்று சேமியுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமாக இருந்தால் எஸ்விஜியை நேரடியாக ஏற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்; அப்போது பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, காட்டுகிற அளவைப் போல மூன்று மடங்கில் எடுத்துப் போடுங்கள். பிஎன்ஜி எதையும் எறிவதில்லை, எழுத்து கூராகவே நிற்கும். கேக் படங்கள் மட்டும் ஜேபெக்காகவே இருக்கட்டும். அதற்குத்தானே அது பிறந்தது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். தனியார் வகுப்புகள் நடத்துகிறேன். விளம்பரப் படம் செய்யும்போது போட்டோஷொப்பில் தமிழ் உடைகிறது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்தால் சரியாக வருகிறது. ஆனால் அதை இணையத்தளத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பை. எது சரி?
(வாசகர், தெஹிவளை)

பதில்: ஐயா, இரண்டையும் சரிப்படுத்தலாம். பாமினி உண்மையில் தமிழே இல்லை; ஆங்கில எழுத்துகளின் கதிரையில் தமிழ் உருவங்களைக் குந்த வைத்திருக்கிறார்கள். ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால் கணினி மனப்பாடம் பண்ணுவது ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஒரு அரைப்புள்ளி. அச்சுக்கு அது போதும், தாளில் உருவம் விழுந்தால் வேலை முடிந்தது. நானும் கலியாணக் காட் அடித்த காலத்தில் பாமினியிலேதான் சீவித்தேன், அதைத் திட்ட மனம் வராது. இணையத்தில் பார்ப்பவரின் போனில் அந்த எழுத்துரு இல்லை. எனவே அரைப்புள்ளி அரைப்புள்ளியாகவே தெரிகிறது. கூகுளாலும் உங்கள் வகுப்பைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஆகவே யுனிகோட், அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இலக்கங்கள் உள்ள முறை. போட்டோஷொப்பின் விருப்பத் தெரிவுகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய், தென்னாசிய மொழிகளுக்கான தளக்கோலத்தை (லேஅவுட்) தெரிவு செய்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். உங்கள் பதிப்பில் அந்தத் தெரிவே இல்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். இன்க்ஸ்கேப்பும், படம் திருத்துகிற இலவச மென்பொருளான கிம்ப்பும் தமிழைத் தாமாகவே ஒழுங்காகக் கோக்கின்றன.

எழுத்துருவுக்கும் காசு தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான் எல்லாம் கூகுள் எழுத்துருப் பக்கத்தில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். சிங்களமும் பக்கத்தில் வர வேண்டுமென்றால் அபய லிப்ரே இருக்கிறது. அதை யுனிகோட்டுக்குக் கொண்டுவந்தது கொழும்பிலேயே இருக்கிற மூனியாக் என்ற எழுத்துருப் பட்டறை. மூன்று மொழியையும் ஒரே அளவு எண்ணில் போட்டுவிட்டு ‘சமம்’ என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குச் சமமாக வரும்வரை தமிழைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ணை, ஞ, இ போன்ற சுழிகள் 12 பிக்ஸலில் அடைபட்டுப் போகும். 16க்குக் கீழே இறங்க நான் விடுவதில்லை. மேலே விசிறியும் கீழே ஊகாரக் கொக்கியும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் மிதிக்கும்.

இதைவிடப் பெரிய ஆலோசனை ஒன்று: வகுப்பு நேர அட்டவணையைப் படமாகப் போடவே வேண்டாம். படத்தில் மேசையும் புத்தகமும் இருக்கட்டும். எழுத்தைப் பக்கத்திலேயே எழுத்தாக அடியுங்கள். எந்தத் திரையிலும் மங்காது, நேரம் மாறினால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம், கண் குறைந்த பெற்றோர் பெருப்பித்து வாசிக்கலாம். எழுத்தைப் படத்துக்குள் வைக்க நியாயமான ஒரு இடம், உங்கள் தளத்தின் இணைப்பை வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ பகிரும்போது மேலே வருகிற படம். அதற்கு 1200க்கு 630 பிக்ஸல் என்று செய்யுங்கள். வகுப்பின் பெயரும் ஊரும் போதும். தொலைபேசி இலக்கம், கட்டணம், கடந்த வருடப் பெறுபேறு எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் ஒன்றும் வாசிக்கப்படாது.

கேள்வி: வடிவமைப்புப் படிக்க ஆசை. நண்பர்கள் ‘கிரக்’ பண்ணின, அதாவது காசு கட்டாமல் பூட்டு உடைத்த போட்டோஷொப் தருகிறோம் என்கிறார்கள். லெப்டொப்பும் பழசு. எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?
(மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, அந்தக் கிரக்கை வாங்காதே. ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை. அந்த மாதிரிப் பொதிகளோடு வைரஸும் சேர்ந்து வருவது வழமை, உன் ஒரே லெப்டொப் அது. 

கோடு, ஐகன், லோகோவுக்கு இன்க்ஸ்கேப். புகைப்படம் வெட்ட, நிறம் திருத்த கிம்ப். 1990களில் அமெரிக்காவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றும் இலவசம். யாராவது போட்டோஷொப் பைல் அனுப்பினால் போட்டோபீ என்ற தளத்தை உலாவியில் திற. உன் பைல் வெளியே எங்கும் போகாது, வேலையெல்லாம் உன் கணினியிலேயே நடக்கும். மாதிரிகளை வைத்து உலாவியிலேயே படம் செய்கிற கென்வா பழக இலகுதான். ஆனால் இலவசக் கணக்கில் எஸ்விஜியோ பின்னணி இல்லாத பிஎன்ஜியோ எடுக்க விடாது, லோகோவுக்கு இரண்டுமே வேண்டும். அதிலுள்ள மாதிரி லோகோவை இன்னும் ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள் என்பதையும் மனதில் வை.

காசு செலவழிப்பதென்றால் முதலில் ஒரு நல்ல மவுஸ். டச்பேடில் வளைவு வரைந்தால் கை நோகும், வளைவும் நோஞ்சானாக வரும். அடுத்தது, லெப்டொப்பில் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஆக மாற்று. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி நாலு கடை விசாரித்தபின் வாங்கு. கிராபிக்ஸ் டெப்லட், புதுத் திரை எல்லாம் பிறகு பார்க்கலாம். மலிவான லெப்டொப் திரையில் தலையைச் சாய்த்தாலே நிறம் மாறும். எனவே முடிவு எடுக்கிறதுக்கு முன்னம் படத்தை அம்மாவின் போனிலும் உன் போனிலும் திறந்து பார். வாடிக்கையாளரும் போனில்தான் பார்க்கப் போகிறார்.

கேள்வி: புறக்கோட்டையில் எங்களுக்குப் பாத்திரக் கடை. மகள்தான் இணையத்தளம் பார்க்கிறாள். படங்களைக் கூகுளில் எடுத்துப் போடுகிறோம். தளம் திறக்கவும் கனநேரம் எடுக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், புறக்கோட்டை)

பதில்: கூகுளில் தெரிகிற படம் எல்லாம் இன்னொருவருடைய சொத்து. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காப்பாற்றுகிறது. அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் போன்ற தளங்களில் இலவசமாக எடுக்கலாம்தான். ஆனால் உங்கள் கடையில் இருக்கிற சட்டியை விட்டுவிட்டு யாரோ ஐரோப்பாவில் படம்பிடித்த சட்டியைக் காட்டி என்ன வியாபாரம் செய்யப் போகிறீர்கள்?

மகளிடம் சொல்லுங்கள்: புத்தகக் கடையில் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் வாங்கி, மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சுவரோடு வளைத்துச் சாய்க்க வேண்டும். மடிப்பு விழக் கூடாது, வளைவாகவே இருக்கட்டும். காலையில் ஜன்னல் பக்கமாக, நேர் வெயில் படாத இடத்தில். கடை லைட்டையும் போன் பிளாஷையும் அணைத்துவிடுங்கள், எவர்சில்வரில் அவை இரண்டும் வெள்ளைத் திட்டாக விழும். போன் லென்ஸை ஒரு துணியால் துடையுங்கள். பாதிப் பேரின் ‘மங்கல்’ அங்கேதான் இருக்கிறது. விரலால் சூம் பண்ணாமல் கிட்டப் போய் எடுங்கள்.

தளம் மெதுவாக இருப்பதற்குக் காரணம், போன் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பதுதான். 4000க்கு 3000 பிக்ஸல், மூன்று நான்கு எம்பி. அப்படி இருபது படம் என்றால் பார்க்கிறவரின் டேட்டா ரீலோட் அங்கேயே கரைந்துவிடும். ஸ்குவூஷ் என்று ஒரு இலவசத் தளம் இருக்கிறது. படத்தை உள்ளே போட்டு, அகலத்தை 1200க்குக் குறைத்து, தரத்தை 75 அல்லது 80இல் வைத்து, முன்னையதையும் பின்னையதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் எடுத்தால் அதே தோற்றத்துக்கு ஜேபெக்கைவிடக் கால்வாசி அளவில் மிச்சம் பிடிக்கும். 200 கேபிக்குள் ஒரு சட்டி அழகாக நிற்கும். போன் எடுத்த மூலப் படத்தை மட்டும் அழிக்காமல் வேறு ஒரு போல்டரில் வைத்திருங்கள். இன்னொரு அளவு தேவைப்பட்டால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: உலாவியின் மேலே, பக்கத்தின் பெயருக்கு அருகில் வருகிற சின்னப் படத்தில் எங்கள் சங்கத்தின் சின்னம் ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது.
(வாசகி, மட்டக்குளி)

பதில்: அந்த இடம் 16க்கு 16 பிக்ஸல். அதற்குள் குத்துவிளக்கு, புத்தகம், இரண்டு கை, சுற்றிவரச் சங்கத்தின் முழுப் பெயர் எல்லாம் நுழையாது. விளக்கின் சுடரை மட்டும் எடுங்கள், அல்லது பெயரின் முதல் எழுத்தை. 16லும் 32லும் தனித்தனியாகச் செய்யுங்கள். பெரியதைச் சுருக்கிச் சின்னதாக்கினால் திரும்பவும் புள்ளிதான்.

கேள்வி: முதலாளி வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துத்தான் வேண்டும் என்கிறார். நிழல், பளபளப்பு எல்லாம் போட்டால் ‘எடுப்பாக’ இருக்குமாம். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
(வாசகர், வத்தளை)

பதில்: நிழலும் பளபளப்பும் எழுத்தின் விளிம்பைத்தான் தின்னும், அதை முதலில் கழற்றுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்துக்கு ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய தலைப்புகளுக்கு 3க்கு 1. வேறு நிறம் கலக்காத சுத்த மஞ்சளை வெள்ளையில் வைத்தால் 1.07தான் வரும். அதாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதே மஞ்சளைக் கறுப்பில் வைத்தால் 19ஐத் தாண்டும். எனவே முதலாளியின் மஞ்சளைப் பறிக்காமல் பின்னணியைக் கறுப்பாகவோ கடும் மெரூனாகவோ மாற்றி ஒரு பிரதி செய்யுங்கள். பிறகு மத்தியானம் அவரைக் கடைவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் நின்றபடி போனில் இரண்டையும் திறந்து, தொலைபேசி இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளையிலிருப்பதை வாசித்துவிட்டாரென்றால் அவர் சொன்னபடியே விடலாம்.